தேயிலைப் பெட்டியில் இரண்டு முயல்கள்

முயல் கத்தும் என்று அந்த மாட்டுப் பொங்கல் வரைக்கும் எனக்குத் தெரியாது. புல்லைத் தின்று மூக்கை ஆட்டிக்கொண்டு கிடக்கிற வாயில்லாத ஜீவன் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம் பதுளைக் கடைவீதியில் எங்கள் கடையின் பின்கட்டிலிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டதும், யாரோ கைக்குழந்தையை மிதித்துவிட்டார்கள் என்று அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடினேன். ஓடும்போதே நினைப்பு வந்தது: குழந்தை ஏது எங்கள் வீட்டில்? குழந்தை இல்லை என்பதுதானே அந்த வீட்டின் பெரிய பேச்சே.

பெட்டிக்குள் வெள்ளை முயலும் சாம்பல் நிற முயலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உருண்டன. முடி கொத்துக் கொத்தாகப் பறந்தது. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, அவற்றை விலக்க வெறுங்கையை உள்ளே விட்டாள். சாம்பல் திரும்பி அவள் உள்ளங்கையைக் கடித்தது. அவள் கையை உதறிய உதறலில் ரத்தம் என் சேலையில் தெறித்தது. நான் கரண்டியை வீசிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த முறத்தை எடுத்து இரண்டுக்கும் நடுவில் செருகினேன். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் மூச்சிரைக்க நின்றன. வெள்ளையின் காது நுனி கிழிந்து தொங்கியது.

"ஏ புள்ள, என்னா இது? காலையில கூட ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கெடந்துச்சுக. என்னா கேடு வந்துச்சு இதுகளுக்கு?" என்றாள் அக்கா. ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்னக் கேட்டா? நீங்கதானே குளிப்பாட்டிப் பொட்டு வெச்சீங்க, நீங்களே அதுககிட்ட கேளுங்க" என்றேன். கடிபட்டு ரத்தம் வடிய நிற்பவளிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த முயல்கள் எங்களிடம் வந்த கதை சின்னது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவுக்கு எங்கள் கடையிலிருந்து சாமான் போகும். அந்தத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது, துரைசானி ஒரு தேயிலைப் பெட்டியின் வாயில் கம்பி வலை அடித்து, இரண்டு முயல்களையும் அதற்குள் விட்டு எங்கள் மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார். ஒரே ஈற்றில் பிறந்தவை, இரண்டும் பெட்டை. "கடையில எலித்தொல்ல போதாதுன்னு இது வேறயா?" என்று மாமனார் கத்தினார். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்தாள். அவள் வாய் திறந்து கேட்காமல் எடுத்துக்கொண்ட பொருள் அந்த வீட்டிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் நமுனுகுலப் பக்கம் பிறந்தவள். அப்பாவுக்குத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. மலைக்காற்றில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக்கும் நடுவே குடிவைத்தால் எப்படி இருக்கும்? மூச்சு முட்டும். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள் என்று பிறந்த வீட்டிலேயே பேர் வாங்கியவள் நான். இங்கே வந்து அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடந்து நடந்தே தரை தேய்ந்தது. அக்கா எனக்கு நேர்மாறு. வந்து ஏழெட்டு வருஷமாகியும் அவள் நடக்கிற சத்தம் யாருக்கும் கேட்காது. மாமியார் செத்துப்போனதிலிருந்து அடுப்படி அவள் கையில். நான் உப்பை இடம் மாற்றி வைத்தால் மறுபடி பழைய இடத்துக்கு மாற்றுவாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அந்த மௌனம் எனக்கு ஆகவே ஆகாது. அதற்குப் பதில் அவள் எனக்கு இரண்டு அறை வைக்கலாம் என்று தோன்றும்.

எங்கள் இருவரையும் ஒரு இடத்தில் உட்காரவைத்தது அந்த முயல்கள்தான். வெள்ளை அவளிடம் போகும், சாம்பல் என்னிடம் வரும்; யாரும் பங்கு போடவில்லை, தானாக அப்படி ஆயிற்று. கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையும் வல்லாரையும் போட்டுவிட்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். சண்டை போட மறந்துபோகும்.

மாட்டுப் பொங்கலன்று வண்டிமாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்குச் சாயம் பூசினார்கள். அக்கா பார்த்துக்கொண்டே நின்றவள், "இதுகளும் வாயில்லாத ஜீவன்தானே" என்று வெள்ளையைப் பிடித்தாள். சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பிள்ளை பெற்றவளுக்குத் தலை உலர்த்துவதுபோல் சாம்பிராணிப் புகையும் காட்டினாள். ஒரு சாமந்திச் சரமும் கழுத்தில். அடியம்மா, அந்த அழகைப் பார்க்க வேண்டுமே! மஞ்சள் முயலாகி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்து சாம்பலைப் பிடிக்கப் போனால், அது நழுவிப் பெட்டிக்குள் ஓடிவிட்டது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. "சரி, அது அடுத்த வருசம் குளிக்கட்டும்" என்று வெள்ளையைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டாள். நான் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்; விட்டதும்தான் அந்த அலறல்.

கண்ணேறு பட்டுவிட்டது என்றாள் அக்கா. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டோம். இரவு ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைக் கூடையிலும் வைத்தோம். பசி இருந்தால் சண்டை மறக்கும் என்று நான் புத்திசாலித்தனமாகச் சொல்ல, காலையில் பட்டினியாகவே இரண்டையும் சேர்த்துவிட்டோம். நாசமாய்ப் போயிற்று. முன்னைவிட மோசம். ஒன்றின் வாலைப் பிடிக்க ஒன்று வட்டமாகச் சுற்றிச் சுற்றி, மறுபடி கவ்வி, மறுபடி முறம்.

சத்தம் கேட்டு வந்த மாமனார் ஒரு பார்வை பார்த்தார். "ஒரு பொட்டியில ரெண்டு பொட்ட இருந்தா இப்படித்தான். ஒண்ண வண்டிக்காரன்கிட்ட குடுத்துடுங்க" என்றார். வண்டிக்காரன் வாங்கிப்போய் வளர்க்கவா போகிறான்? குழம்புதான். அக்கா முந்தானையால் கடிபட்ட கையைச் சுற்றிக்கொண்டு, "கொஞ்ச நாள் பாக்குறேங்க மாமா" என்றாள். அவள் மாமனாரிடம் எதிர்த்துச் சொன்னதை நான் கேட்டது அதுவே முதல்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. மூத்தார், அதாவது அக்காவின் புருஷன், அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா பரிமாறினாள். தம்பி மனைவி மூத்தார் எதிரே வந்து நிற்கக்கூடாது என்பதால் நான் கதவுக்குப் பின்னால் ரசச் சட்டியோடு நின்றேன். மூத்தார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஊருக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கேம்ப்பா. மாமன் மக ஒண்ணு இருக்குல்ல, அத முடிச்சுக் கூட்டியாந்துர்றேன். ஒரு புள்ளகுட்டி இல்லாம இனியும் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

மாமனார் "உம்" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். அக்கா கதவுக்கு வந்து என்னிடம் சட்டியை வாங்கிப்போய் ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. என்ன அநியாயம்! அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா? அவளிடம் கேட்கக்கூடாதா? மூத்தாரிடம் நான் பேச முடியாது. அந்த வீட்டில் என் கோபத்துக்கு இருந்த ஒரே வாய் பாத்திரங்கள்தான். அன்றைக்கு ஒவ்வொன்றாக எடுத்து உருட்டினேன். "என்னா அங்க சத்தம்?" என்று மாமனார் கேட்கிற வரைக்கும் உருட்டினேன்.

அக்கா பின்கட்டில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எங்கப்பா போயிட்டாரு. அண்ணன் வீட்டுல என்னச் சேக்கமாட்டாங்க. இங்கதான் இருக்கணும், இன்னொருத்தியோட. ஒரு நேத்தி வெச்சிருக்கேன் புள்ள. இதுக ரெண்டும் மறுபடி ஒண்ணாப் படுத்துச்சுன்னா, நானும் இந்த வீட்டுல இருந்துருவேன். படுக்கலேன்னா ஆத்தோட போயிர்றேன்."

சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பூ வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே என்பார்கள். உயிரை முயல் மேல் வைத்துப் பார்க்கிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அதுக ரெண்டுக்கும் என்னா தெரியும்? அதுக முயலு!" என்று கத்தினேன். அவள் எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. கடைத்தெருவுக்குக் கீழே ஆறு, மழைக்காலம், செந்தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. அக்கா குடத்தை எடுத்தால் நானும் ஒரு குடத்தை எடுப்பேன். துணி துவைக்கப் போனால் துவைத்த துணியையே நானும் மறுபடி துவைப்பேன். "எதுக்குடி வாலு மாதிரி பின்னாலயே வர்ற?" என்பாள். "எனக்கும் தண்ணி வேணும்" என்பேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல மனுஷர்தான், ஆனால் வெந்நீர் வைத்தாலும் அண்ணனைக் கேட்டு வைக்கிறவர். "அது அண்ணன் விசயம். நமக்கு எதுக்கு?" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மூத்தார் கடல் தாண்டி இந்தியாவிலிருந்த சொந்த ஊருக்குப் போனார். பண்டாரவளைக்கு வண்டி கட்டிப்போய் ரயிலேறி, கொழும்பில் கப்பலேறி. அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. அவர் திரும்புவதற்குள் முயல்கள் சேர வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. சோறு குழைந்தது, பால் பொங்கி வழிந்தது, நான் பெட்டி முன்னால் கிடந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலைக்குச் சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டு முயலுக்கு இலை போட வந்தேன். சாம்பல் என் முயல், என்னிடம் ஓடி வரும் முயல், என் கையைப் பார்த்து உறுமியது. காதைப் பின்னால் மடக்கி, முன்காலால் என் கையில் பட்டென்று அறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீயுமாடி? பிறகு திடீரென்று பொறி தட்டியது. முகம் அதே முகம்தான், மாறினது வாசம். மாட்டுப் பொங்கலன்று சீயக்காயும் மஞ்சளும் புகையுமாக வெள்ளை உள்ளே போனபோது, சாம்பலுக்கு அது கூடப்பிறந்தவள் இல்லை. தன் பெட்டிக்குள் நுழைந்த எவளோ ஒருத்தி.

"அக்கா! நாமதான் கெடுத்தோம்! பொங்க வெச்சே கெடுத்தோம்!" என்று ஈரத்தலையோடு அடுப்படிக்கு ஓடினேன். அவள் முதலில் நம்பவில்லை. நான் என் தலையை முயலிடம் கொண்டுபோய்க் காட்ட, அது மறுபடி உறும, அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயே, அழகு பாக்கப்போயி அன்னியமாக்கிட்டனே" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்யாத கூத்தில்லை. ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, ஒரு துண்டால் வெள்ளையின் கன்னத்தையும் முதுகையும் துடைத்துச் சாம்பல் படுக்கும் இடத்தில் போட்டோம். சாம்பலைத் துடைத்த துண்டை வெள்ளைக்கு. தினமும் அப்படி மாற்றி மாற்றி. நாங்களும் மஞ்சளில்லாமல் புகையில்லாமல் குளித்தோம். "வீட்டுல ரெண்டு சுமங்கலி இருக்காளுகளா இல்லையா?" என்று மாமனார் முணுமுணுத்தார். கூடையும் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் வலை. வலைக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இலை வைப்போம். முதலில் உறுமல் நின்றது. பிறகு வலையோடு ஒட்டி உட்கார்ந்து தின்றன. சரி, வழிக்கு வந்துவிட்டது என்று வெள்ளையைப் பெட்டிக்குள் விட்டால், மறுபடி துரத்தல், மறுபடி கடி. அந்தப் பெட்டியைச் சாம்பல் தன் வீடாக்கிக்கொண்டுவிட்டது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தத் துரத்தலில் வெள்ளை பெட்டியைத் தாண்டி ஓடிக் கடைக்குள் நுழைந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு சாமான் வாங்க வந்திருந்த தோட்டத்துப் பெண்களின் காலுக்கிடையே பாய்ந்தது. ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. சீனிச் சாக்கு சரிந்தது. மாமனார் பின்கட்டுக்கு வந்து, "போதும் உங்க வெளயாட்டு. நாளைக்கு ஒண்ணு இந்த வீட்ட விட்டுப் போகணும்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஹாலிஎலயில் என் வீட்டுக்காரரின் தூரத்து உறவு ஒருவர் கடை வைத்திருந்தார். வண்டிக்காரனிடம் குழம்புக்குக் கொடுப்பதைவிட அங்கே விடலாம் என்று நான்தான் சொன்னேன். சாம்பலை அங்கே விட்டுவிட்டு வெள்ளையோடு திரும்புவது என்று பேச்சு. வெள்ளையை வீட்டில் விட்டுப்போக அக்காவுக்கு மனம் வரவில்லை. மாமனாரை நம்ப முடியாது. ஆகவே இரண்டு கூடை. விடிந்ததும் அரிசி ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட, மூட்டைகளின் மேல் நாங்கள் இருவரும். என் வீட்டுக்காரர் வண்டியோடு நடந்து வந்தார்.

அக்கா வழியெல்லாம் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாலை ஆற்றை விடவேயில்லை. ஒரு முயலைக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டால் இனி ஒன்றாகப் படுப்பது எங்கே? நேர்த்தி முடிந்துபோன மாதிரிதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி நான் அவள் முந்தானையை என் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டுல எதும்மா கொழுத்தது?" என்று வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுய்யா" என்றேன்.

அவன் பார்க்கவில்லை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதில் நாங்கள் இரண்டு பேரும் எம்பி விழுந்தோம். சாம்பல் இருந்த கூடையின் அடி பிய்ந்துபோயிற்று. முயல் மூட்டைகளுக்கு நடுவே விழப்போனதை நான் காதைப் பிடித்துத் தூக்கினேன். கையில் வைத்திருக்கவும் முடியவில்லை, நகத்தால் கீறுகிறது. வேறு வழியில்லை. வெள்ளையின் கூடையைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போட்டு, மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன். அலறல் வரும், வரும் என்று காத்திருந்தேன். வண்டி குலுங்குகிறது, அச்சு கிறீச்சிடுகிறது, வேறு சத்தமில்லை.

"செத்துப்போச்சாடி?" என்றாள் அக்கா.

மூடியைக் கொஞ்சம் தூக்கினோம். இரண்டும் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றின் வயிற்றுக்கடியில் மற்றது தலையைப் புதைத்து, நடுங்கிக்கொண்டிருந்தன. யாருடைய இடமும் இல்லாத இடம், காலுக்குக் கீழே தரை நிற்கவில்லை, பயம். சண்டை போட அவற்றுக்கு ஏது நேரம்? எங்கள் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், பார்த்திருக்கிறேன். ஒரே காம்பரா அறையில் அடைத்த இரண்டு குடும்பங்கள், காலையில் சாக்கடைக் காணுக்கும் தண்ணிக்கும் மயிரைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். மண் சரிந்த அன்றைக்கு ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டியத் திருப்புங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "அரிசி?"

"அரிசிய நீங்க நாளைக்குக் கொண்டுபோங்க. இப்பத் திருப்புங்க. இல்லேன்னா நான் எறங்கி நடக்குறேன்." நடுரோட்டில், வண்டிக்காரன் எதிரே, புருஷனிடம் அப்படிப் பேசினேன். அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா கூடையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல அழுதாள். அவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தானே பிடித்து வண்டியைத் திருப்பினார். அதற்காகவே நான் அவருடைய பாதிக் குற்றங்களை அன்றோடு மன்னித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் கத்தினார், நாங்கள் இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை; பெட்டிப் பக்கமும் போகவில்லை. நேரே அரிசிக் கிடங்கு. அங்கே அந்த முயல்கள் போனதேயில்லை. மூட்டைகளை நகர்த்தி இடம் செய்து, கூடையைக் கவிழ்த்து, ஆளுக்கொரு முறத்தோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தோம். துரத்தல் இருந்தது. சாம்பல் வெள்ளையின் மேல் ஏறி அழுத்தியது. "ஐயே, ரெண்டும் பொட்டச்சிகதானேடி!" என்று அக்கா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஏறி அழுத்துவது யார் பெரியவள் என்று காட்டத்தான். கடிக்காதவரை விட்டுவிடலாம் என்று போகப்போகத் தெரிந்தது. வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் மட்டும் நடுவில் முறம். தினமும் வேலை முடித்துக் கிடங்கில் உட்காருவோம். உட்கார்ந்த இடத்தில் பேச்சும் வந்தது. அவள் பேசினாள், நான் கேட்டேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். ஒருநாள் வெள்ளை தலையைத் தாழ்த்திச் சாம்பலின் முகவாய்க்கடியில் நீட்டியது. சாம்பல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு அந்தக் கிழிந்த காதை நக்கிக் கொடுத்தது.

பெட்டியை மட்டும் அப்படியே கொடுக்கக்கூடாது என்று அக்கா சொன்னாள். அதில் சாம்பலின் வாசம் ஊறியிருக்கிறதே. புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்து, வெயில் வந்த நாளில் காயவைத்து, பழைய வைக்கோலையெல்லாம் எரித்துவிட்டுப் புதுப்புல் போட்டு, வேறு மூலைக்கு மாற்றினோம். பிறகுதான் இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டோம். முகர்ந்தன, சுற்றிப் பார்த்தன. மத்தியானம் வந்து எட்டிப்பார்த்தால் வெள்ளை எது, சாம்பல் எது என்று தெரியாமல் ஒரே உருண்டையாகப் படுத்திருந்தன.

"படுத்துச்சு புள்ள" என்றாள் அக்கா.

"இனிமே குடத்தத் தூக்கிக்கிட்டு உங்க பின்னால ஓட என்னால முடியாது, ஆமா" என்றேன். சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். முட்டாள் நான். மூத்தார் கொழும்பில் இறங்கிவிட்டதாகத் தந்தி வந்த அன்றைக்கு, அக்காவின் அறையிலிருந்து கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புளி, அடுப்புச் சாம்பல். அவளுடைய பெட்டி, பாய், கண்ணாடி, சாமி படம், ஆணியில் தொங்கிய சேலை, மஞ்சள் உரசுகிற கல், எல்லாம் வெளியே. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தாள். அத்தனை வருஷம் அவள் இருந்த அறையில் அவள் இருந்த தடமே இல்லை.

"என்னாக்கா பண்றீங்க?"

"வர்றவளுக்கு எங்க பாத்தாலும் என் வாசமா இருந்தா அவளுக்கும் பிடிக்காது. எனக்கும் என் எடம், என் எடம்னு தோணிக்கிட்டே இருக்கும். கடிச்சிருவேன் புள்ள. நான் கடிச்சிருவேன்."

"நீங்க என்னா முயலா?" என்று கத்தினேன். புளிச் சட்டியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். "அவரு தேய்க்கட்டும்! அவருதானே கூட்டியாறாரு, அவரு வந்து தேய்க்கட்டும் தரைய!" அவள் எழுந்துபோய்ச் சட்டியை எடுத்துவந்து, மிச்சமிருந்த மூலையையும் தேய்த்து முடித்தாள். எனக்கு அழக்கூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

அவர்கள் மாலையில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதுகூட இருக்காது. கப்பலிலும் வண்டியிலும் வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்து, ஒரு துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காதான் ஆரத்தி எடுத்தாள். மூத்தார் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒஞ் சாமானெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"கெடங்குல வெச்சிட்டேங்க" என்றாள் அக்கா. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை அக்காவும் நானும் முயல்களைக் கிடங்கில் விட்டு உட்கார்ந்திருந்தோம். கதவோரம் அந்தப் பெண் வந்து நின்றாள். வீட்டில் ஒளிவதற்கு இடம் தேடிக்கொண்டு வந்தவள்போல இருந்தது. "மொயலாக்கா?" என்றாள். அக்கா வெள்ளையின் கிழிந்த காதைத் தடவிவிட்டாள். பிறகு கையிலிருந்த கோவா இலைக் கட்டை இரண்டாகப் பிரித்து நீட்டினாள்.

"இந்தா. ரெண்டு கையிலயும் பிடி. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல குடு. ஒண்ணுக்கு முந்திக் குடுத்தேன்னா மத்தது அத மறக்காது."

அந்தப் பெண் முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். வெள்ளையும் சாம்பலும் வந்து ஆளுக்கொரு பக்கம் தின்றன. அக்கா அவளையும் பார்க்கவில்லை, முயலையும் பார்க்கவில்லை. கடிபட்ட தழும்பிருந்த கையால் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"நான் இருந்துருவேன்ல புள்ள?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நான் இருக்கேன்லக்கா" என்றேன்.